எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு: எல்லோரும் சாப்பிடும்போது கை நீளாமல் இருப்பது எப்படி?

கேள்வி

இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்து மூன்றாவது மாதம் நடக்கிறது. தனியாக இருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை, பசி என்பதே மறந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் சிக்கல். அவர்கள் பேசிக்கொண்டே சாப்பிடுவதைப் பார்த்தால் கை தானாக நீளுகிறது. நேற்று பாதியில் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரைப்பையையே வெட்டி எடுத்த பிறகும் ஆசை போகவில்லை என்றால் எனக்கு மன உறுதி இல்லை என்றுதானே அர்த்தம்?

8 பிப்ரவரி 2022

இல்லை. மன உறுதிப் பேச்சை முதலில் தள்ளி வையுங்கள், ஆபரேஷனுக்கு முன்னால் அதைக் கேட்டுக் கேட்டே நம்மில் பலர் நொந்துபோயிருக்கிறோம்.

நானும் ஸ்லீவ்தான். இரைப்பையில் 75 முதல் 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள், மிச்சம் இருப்பது நூறு, நூற்றைம்பது மில்லி கொள்ளும் ஒரு குழாய். எடுத்துவிடும் அந்த மேல்பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. தனியாக இருக்கும்போது உங்களுக்குப் பசி தெரியாததற்குக் காரணம் அது. ஆனால் மூக்கு அப்படியே இருக்கிறது, கண் அப்படியே இருக்கிறது, இத்தனை வருடம் யாரோடு உட்கார்ந்து எதைச் சாப்பிட்டோம் என்ற ஞாபகமும் அப்படியே இருக்கிறது. பசி குறைந்ததும் இவையெல்லாம் பின்னாலேயே குறைந்துவிடும் என்று யாரும் நமக்கு உறுதி சொல்லவில்லை.

இன்னொன்று, கூட்டத்தில் கை நீளுவது ஆபரேஷன் செய்தவர்களுக்கு மட்டும் உள்ள விஷயம் கிடையாது. ஜான் டி காஸ்ட்ரோ என்ற உளவியலாளர் சாதாரண மனிதர்களைத் தாங்கள் சாப்பிடுவதை நாட்குறிப்பில் எழுதவைத்துப் பார்த்தார். கூட எத்தனை பேர் அதிகமோ அந்த அளவுக்குச் சாப்பாட்டின் அளவும் கூடியது. பேச்சு நீளும், உட்காரும் நேரம் நீளும், கை அதன் பாட்டுக்குப் போகும். மேசையில் உங்களை இழுப்பதில் பெரும்பகுதி தட்டிலிருந்து வருவதில்லை, சுற்றி இருக்கிறவர்களிடமிருந்து வருகிறது என்பதுதான் என் அனுபவம். அதனால் அவர்களையும் சேர்த்துத்தான் இதற்கு வழி தேட வேண்டும்.

8 பிப்ரவரி, இரவு

கதவைச் சாத்திக்கொள்வது பற்றி எழுத விட்டுப்போனது. ஒரு நாள் செய்தால் ஒன்றும் ஆகாது. வழக்கமாக்க வேண்டாம். நான் அப்படிக் கொஞ்ச நாள் தனியாகச் சாப்பிட்டேன், அறைக்குள் இருந்தபோது சாப்பாட்டு ஆசை குறையவே இல்லை, வெளியே கேட்கும் சிரிப்புச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. அப்புறம் எல்லோரும் படுத்த பிறகு அடுக்களைக்குள் போகத் தோன்றும். அது மேசையில் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடுவதைவிட மோசம், ஏனென்றால் அங்கே நின்றுகொண்டு, அவசரமாக, யாரும் பார்க்காமல் சாப்பிடுகிறோம்.

21 பிப்ரவரி

எந்த நேரம் ஆபத்தான நேரம் என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. சாப்பாடு தொடங்கும்போது ஆபத்து இல்லை. நம் பங்கு முடிந்த பிறகுதான்.

நாம் சின்ன வாயாக எடுத்து, நன்றாக மென்று, ஒவ்வொரு வாய்க்கும் இடைவெளி விட்டுச் சாப்பிட்டாலும் இருபது, முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும். மற்றவர்கள் அப்போதுதான் இரண்டாவது தடவை போட்டுக்கொள்வார்கள். நம் முன்னால் காலித் தட்டு, கையில் வேலை இல்லை, தண்ணீரும் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் ஆக வேண்டும். அந்த அரை மணி நேரத்தில்தான் கை பிஸ்கட் தட்டுப் பக்கம் போகும், அது போவதே நமக்குத் தெரியாது.

நான் செய்தது: எல்லோருக்கும் பத்து நிமிடம் கழித்துச் சாப்பிட ஆரம்பித்தேன். பரிமாறுவது, ஏதாவது எடுத்து வருவது, பேசுவது என்று அந்தப் பத்து நிமிடம் போய்விடும். முடிந்ததும் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்ப வந்து உட்கார்வேன். தட்டு முன்னால் இல்லாவிட்டால் யாரும் எதையும் வைக்க மாட்டார்கள். அரை மணி நேரம் ஆனதும் சூடாக ஏதாவது ஒரு கோப்பை. கையில் கோப்பை இருந்தால் நானும் அந்த மேசையில் ஒருத்தி என்று தோன்றும்.

வெளியே போகும்போது வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. நம் பங்கை முன்னாலேயே முடித்துவிட்டால் அங்கே மூன்று மணி நேரமும் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வேளைச் சாப்பாட்டை அங்கே, அவர்களோடு சாப்பிடுவதுதான் எனக்குச் சரிப்பட்டது.

2 மார்ச்

வற்புறுத்துகிறவர்களிடம் என்ன சொல்வது?

காரணம் சொல்லாதீர்கள். டாக்டர் சொன்னார் என்றால், ‘ஒரு நாளில் என்ன ஆகிவிடும்’ என்பார்கள். வயிறு சின்னது என்றால், ‘அப்போ சின்னதாக ஒரு துண்டு’ என்பார்கள். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். ‘நன்றாக இருந்தது, எனக்குப் போதும்’ என்று சொல்லிவிட்டு உடனே அவர்களிடம் ஏதாவது கேளுங்கள்: பையன் படிப்பு எப்படிப் போகிறது, வீட்டு வேலை முடிந்ததா, எதுவானாலும் சரி. நிஜமாகக் கேட்க வேண்டும், பதிலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். உணவை நீட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நம் கவனம்தான் வேண்டியிருக்கிறது, அது கிடைத்துவிட்டால் தட்டைக் கீழே வைத்துவிடுவார்கள்.

மேசையில் ஒரே ஒருவருக்காவது முழு விவரம் தெரிந்திருக்கட்டும். எனக்கு அக்கா. அவள் ஒன்றும் பேச மாட்டாள், என் பக்கம் வரும் கிண்ணத்தை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடுவாள், அவ்வளவுதான்.

3 மார்ச்

வற்புறுத்துகிறவர்களைவிடக் காவல் காக்கிறவர்கள்தான் கஷ்டம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ‘நீ இதைச் சாப்பிடலாமா?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்பவர்கள். அன்பில்தான் கேட்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அப்படி ஒருவர் கேட்ட ஒவ்வொரு முறையும் அந்த உணவின் மேல் எனக்கு ஆசை இரட்டிப்பாகியிருக்கிறது. கேட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு, என் தட்டை எனக்கே விட்டுவிடுங்கள், உதவி வேண்டுமென்றால் நானே கேட்கிறேன் என்று ஒரு முறை சொல்லிவிடுவது நல்லது. எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாம்.

17 மார்ச்

சின்னத் தட்டு பற்றி. சின்னத் தட்டில் சாப்பிட்டால் கண்ணை ஏமாற்றிக் குறைவாகச் சாப்பிட வைக்கலாம் என்று ஒரு கருத்து நெடுநாளாகச் சுற்றுகிறது. அதைப் பரப்பியதில் பெரிய பங்கு கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க் செய்த ஆய்வுகளுக்கு உண்டு. அவர் ஆய்வு முறைகேடு செய்ததாகப் பல்கலைக்கழகமே கண்டறிந்தது, 2018 செப்டம்பரில் அவருடைய ஆறு கட்டுரைகளை ஜாமா என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ்கள் திரும்பப் பெற்றன. ஆகவே கண்ணை ஏமாற்றும் கதையை நம்பி உட்காராதீர்கள்.

ஆனாலும் நான் சின்னத் தட்டில்தான் சாப்பிடுகிறேன். காரணம் வேறு: பெரிய தட்டில் என் பங்கு ஓர் ஓரத்தில் கிடக்கும்போது அந்த வெற்றிடத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் அதை நிரப்பத் தோன்றுகிறது. சின்னத் தட்டு என் கண்ணுக்கு எதுவும் செய்யவில்லை, பரிமாறுகிறவர் கையை நிறுத்துகிறது.

6 ஏப்ரல்

‘எல்லாவற்றிலும் ஒரு வாய் ருசி பார்த்தால் போதும், ஆசை அடங்கிவிடும்’ என்பது எல்லோருக்கும் பொருந்துமா?

உணவைப் பொறுத்தது. மீன், முட்டை, பருப்பு மாதிரி கெட்டியான, புரதம் உள்ள உணவு என்றால் ஒரு வாய், இரண்டு வாயிலேயே நெஞ்சுக்குக் கீழே நிறைந்த உணர்வு வந்துவிடும், உடம்பே போதும் என்று சொல்லிவிடும். ஐஸ்கிரீம், சிப்ஸ், வாயில் கரையும் பிஸ்கட், கேக் இவையெல்லாம் அப்படி நிற்பதில்லை. கூழாகிச் சட்டென்று இறங்கிவிடும். இறங்கியதும் மறுபடி இடம் இருக்கும். இரண்டு மணி நேரக் கூட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆபரேஷனுக்கு முன்னால் சாப்பிட்ட அளவை எட்டிவிட முடியும், ஒரு தடவைகூட வயிறு நிறைந்ததாகத் தெரியாது. ஆகவே முதலில் புரதம். நாளுக்கு அறுபது முதல் எண்பது கிராம் என்பது பெரும்பாலும் கொடுக்கும் கணக்கு, அந்தச் சின்ன இரைப்பையில் அதற்கே இடம் போதாது. புரதம் முடிந்த பிறகும் அந்த இன்னொன்று வேண்டும் என்று தோன்றினால், உங்களுக்குப் பிரியமான ஒன்றே ஒன்றைத் தட்டில் எடுத்து வைத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள். பொதுக் கிண்ணத்திலிருந்து எடுத்து எடுத்துச் சாப்பிடாதீர்கள். மூடி திறந்த கிண்ணம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள்வது இன்றுவரை என் பழக்கம்.

9 ஏப்ரல்

எடைக் குறைப்புக்கான இன்னொரு ஆபரேஷனான இரைப்பை பைபாஸ் செய்த ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், ஒரு வாய் இனிப்பெல்லாம் எங்களுக்குச் சொல்லாதே என்று. நியாயம்தான். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் முப்பது மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். சர்க்கரை வேகமாகக் குடலுக்குள் போய் விழுகிறது. சாப்பிட்ட பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு, வயிற்றுப்போக்கு. இதைத்தான் டம்பிங் என்கிறார்கள். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வருவது வேறு வகை: இன்சுலின் அதிகமாகச் சுரந்து ரத்தச் சர்க்கரை விழுந்து, கை நடுங்கி, தலை சுற்றும். வெளியே போன இடத்தில், வீடு திரும்பும் வழியில் இது வந்தால் கஷ்டம். வண்டி ஓட்டுகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம், பைபாஸில்தான் அதிகம். அடிக்கடி வந்தால் நீங்களாக எதையாவது செய்து பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

‘டம்பிங் வருவதால் எனக்குக் காவல் இருக்கிறது’ என்று அவர் சொன்னதில் மட்டும் எனக்குத் தயக்கம். எல்லோருக்கும் வருவதில்லை, வருகிறவர்களில் பலருக்கும் காலப்போக்கில் குறைந்துவிடுகிறது. அதை மட்டும் நம்பி மேசையில் உட்காரக் கூடாது.

30 மே

இது கொஞ்சம் நீளமாகப் போகும்.

எனக்கு ஒரு தம்பி. சின்ன வயதிலிருந்து நாங்கள் வெளியே சாப்பிடப் போனால் ஒரே பெரிய தட்டாக வாங்கிப் பகிர்ந்துகொள்வோம், கடைசித் துண்டுக்குச் சண்டை போடுவோம், யார் ஜெயித்தார்கள் என்பதைப் பல மாதம் ஞாபகம் வைத்திருப்போம். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் முறை போனபோது அவன் தனக்கு மட்டும் சின்னதாக ஒன்று வாங்கிக்கொண்டான். நான் என்னுடையதைச் சாப்பிட்டேன். சீக்கிரம் கிளம்பிவிட்டான். அடுத்த முறை, போன இடத்தில், ‘ஒரு துண்டு எடுத்துக்கோயேன், ஒரே ஒரு துண்டு’ என்று திரும்பத் திரும்பக் கேட்டான். எனக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன், எல்லாம் தெரிந்தவன், இவனே இப்படிக் கேட்கிறானே என்று.

அப்புறம் ஒரு நாள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவனாகவே சொன்னான், தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை, அதனால் வெளியே போவதையே நிறுத்திவிட்டேன் என்று. அதைக் கேட்டு எனக்கு ரொம்ப நேரம் பேச வரவில்லை. ஆபரேஷன் முடிவை நான் எடுத்தேன், என் உடம்புக்காக எடுத்தேன், மறுபடியும் அதையேதான் எடுப்பேன். ஆனால் அதில் அவனும் ஒன்றை இழந்தான், அவனை யாரும் கேட்கவில்லை. சர்ஜன் என்னிடம் பேசினார், டயட்டீஷியன் என்னிடம் பேசினார், மனநல ஆலோசகர் என்னிடம் பேசினார். கூடச் சாப்பிட்டவனிடம் யாரும் பேசவில்லை.

இப்போது நாங்கள் அதே பெரிய தட்டைத்தான் வாங்குகிறோம். நான் எனக்குத் தேவையானதை முதலிலேயே பிரித்து எடுத்துக்கொள்கிறேன், மிச்சத்தை அவன் சாப்பிடுகிறான், அப்படியும் மீந்தால் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போகிறான். கடைசித் துண்டுச் சண்டை இல்லை. அதற்கு இணையாக இன்னொன்று இதுவரை கிடைக்கவில்லை, கிடைத்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் மேசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறோம்.

உங்களை வற்புறுத்துகிறவர்களில் இப்படி ஒருவர் இருக்கிறாரா பாருங்கள். அவரிடம் ‘போதும்’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். உட்கார்ந்து பேச வேண்டிய ஆள் அவர்.

4 ஜூன்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, வற்புறுத்துகிறவர்களை எல்லாம் நல்லவர்களாக்கிவிட்டாய் என்று ஒருவர். எல்லோரையும் சொல்லவில்லை. சிலருக்கு நம் உடம்பு மாறியதைப் பார்க்கவே பொறுக்காது, தங்கள் எடையைப் பற்றிய கலக்கம் அதில் இருக்கும். வேலையிடத்தில் அப்படி ஒருவர் இருந்தார், தினமும் என் மேசையில் ஏதாவது வைத்துவிட்டுப் போவார். அவரோடு பேசிப் பார்த்தேன், பலனில்லை. அவரோடு சாப்பிட உட்காருவதை நிறுத்திவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

12 ஆகஸ்ட்

மது. சுருக்கமாக, ஆனால் தயவுசெய்து படியுங்கள். கூட்டத்தில் சாப்பாட்டை மறுக்கிறோமே, ஒரு கோப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று தோன்றும். ஸ்லீவ், பைபாஸ் இரண்டுக்கும் பிறகு மது வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது, பழைய அளவே பெரிய அளவாகிவிடும். 2012இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், பைபாஸ் செய்தவர்களிடம் மதுச் சிக்கல் முதல் ஆண்டில் கூடவில்லை, இரண்டாம் ஆண்டில்தான் கூடியது. அதாவது எல்லாம் நன்றாகப் போகிறது, இனிப் பயமில்லை என்று நினைக்கும் நேரத்தில். சாப்பாட்டில் தேடியதை வேறொன்றில் தேடத் தொடங்கிவிட்டோமோ என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது. சந்தேகம் வந்தால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள்.

25 ஆகஸ்ட்

சமைக்கிறவர்களின் கேள்வி: வீட்டுக்கே சமைப்பது நான்தான், ருசி பார்க்காமல் எப்படி? 

ருசி பாருங்கள், கரண்டி நுனியில், ஒரே முறை, அடுப்பை அணைக்கும் முன். உப்பு சரியா என்று வீட்டில் இன்னொருவரைக் கேட்பதும் நடக்கிற காரியம்தான். எனக்குக் கஷ்டமாக இருந்தது சமையல் இல்லை, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பது. வீணாக்க மனம் வராமல் வாயில் போடும் அந்த நான்கு வாய்தான். இப்போது அவர்கள் தட்டை அவர்களே எடுத்து வைக்கிறார்கள், மிச்சம் என் கைக்கு வருவதே இல்லை.

14 மே 2023

நெடுநாள் கழித்து வருகிறேன், முன்பு எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். முதலில், இழுப்பு பெரும்பாலும் தட்டிலிருந்து வருவதில்லை என்று எழுதினேன். முதல் ஆண்டுக்கு அது சரி. எனக்கு இப்போது பசி திரும்பியிருக்கிறது. நிஜமான பசி. முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிடவும் முடிகிறது. மேசையில் இப்போது மனிதர்களும் இழுக்கிறார்கள், தட்டும் இழுக்கிறது.

பயந்து போய் எல்லாம் கைவிட்டுப் போகிறது என்று நினைக்க வேண்டாம். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆபரேஷன் செய்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்திருந்தார்கள், பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதம். கொஞ்சம் திரும்பியது, பெரும்பகுதி திரும்பவில்லை. இதைப் படித்தபோது எனக்கு மூச்சு வந்தது. கொஞ்சம் ஏறினால் தோற்றுவிட்டோம் என்று நினைத்து டாக்டரைப் பார்க்க வெட்கப்பட்டு ஒதுங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அப்படி ஒதுங்காதீர்கள், ஏறத் தொடங்கும்போதே போங்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி பரிசோதனைக்கு எப்படியும் வாழ்நாள் முழுக்கப் போகத்தானே வேண்டும், அப்போதே இதையும் சொல்லிவிடலாம்.

வெளியே போகும்போது இப்போது என்ன மாற்றினேன்: வீட்டில் முன்னாலேயே சாப்பிட வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, அங்கே சாப்பாடு தாமதமாகும் என்று தெரிந்தால் இப்போது ஒரு முட்டையாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். பசியோடு போய் உட்கார்ந்தால் வேகமாகச் சாப்பிடுகிறேன், வேகமாகச் சாப்பிட்டால் நெஞ்சில் அடைத்து, வாயில் நுரையாக எச்சில் ஊறி, எழுந்து ஓட வேண்டியிருக்கிறது.

28 மே

ஒரு கணவர் கேட்டிருக்கிறார்: மனைவிக்கு அடுத்த மாதம் ஆபரேஷன், அவள் பார்க்கக் கூடாது என்று நானும் பிள்ளைகளும் ஒளிந்து சாப்பிடலாமா?

வேண்டாம் ஐயா. முதல் சில வாரங்கள், அவர் நீர் ஆகாரத்திலும் மசித்த உணவிலும் இருக்கும்போது, வாசனை தூக்கும்படி வறுப்பதைத் தவிர்க்கலாம், அது உதவி. அதற்கு மேல் ஒளிக்க ஒளிக்க, தன்னால் வீடே பட்டினி கிடக்கிறது என்று அவர் நினைப்பார். ஆபரேஷனுக்கு முன்னாலேயே உட்கார்ந்து கேளுங்கள்: எந்தப் பண்டம் கண்ணில் பட்டால் தாங்காது, எது பரவாயில்லை. அவர் சொல்வதை மட்டும் வாங்காதீர்கள், அல்லது அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மற்றதை எப்போதும்போல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர் தட்டில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடை குறைந்தது என்று சாப்பிடும்போது கேட்காதீர்கள். அவர் முடித்த பிறகும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க விரும்பினால் இருக்கட்டும், எழுந்து போக விரும்பினால் போகட்டும், ஏன் என்று கேட்க வேண்டாம். ஆபரேஷனுக்கு முந்தைய ஆலோசனைக்கு நீங்களும் கூடப் போங்கள், உங்கள் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.